மின்மினிக் கூட்டத்துக்குத் தலைவன் யார்?

இருளில் பறக்கும் மின்மினியைக் காணாத தமிழர் இலர். தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தோர், மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தபின் வாசலில் ஒன்றிரண்டாய் மினுக்கித் திரியும் அச்சிற்றுயிரைப் பார்த்துக்கொண்டே உறங்கியிருப்பர். ஆனால் தனித்தனியே மினுக்கும் மின்மினி வேறு. ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் அமர்ந்து, ஒரே கணத்தில் ஒளிவிட்டு, மறுகணத்தில் ஒருசேர அவியும் மின்மினி வேறு. இரண்டாவது வகையைப் பார்க்க விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலா சிலாங்கூருக்கு அருகில் கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூரில் இரவு நேரத்தில் படகேறினால் போதும். மலாய்க்காரர் 'பெரெம்பாங்' என்று அழைக்கும் ஆற்றோர மரங்களில் 'கெலிப் கெலிப்' என்னும் அம்மின்மினிகள் கூடியிருக்கும். மரம் முழுவதும் விளக்கேற்றியது போல் தோன்றும், அடுத்த கணம் மரமே இல்லாதது போல் இருண்டுவிடும், மீண்டும் தோன்றும்.

படகில் அமர்ந்து இதைக் காணும் எவருக்கும் இயல்பாக எழும் கேள்வி ஒன்றுண்டு. இத்தனை ஆயிரம் பூச்சிகளுக்கும் தாளம் போடுபவர் யார்? நாதசுரக் கச்சேரியில் தாளக்காரர் இருக்கிறார். படை அணிவகுப்பில் ஆணையிட ஓர் அதிகாரி இருக்கிறார். இங்கே யார் இருக்கிறார்? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண அறிஞர் உலகத்துக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. விடை கிடைத்தபொழுது அது மின்மினியோடு நில்லாமல், கடிகாரம், மனித இதயம், பாலம், மின்சார நிலையம் என்று பல துறைகளுக்கும் பரவிற்று. அவ்வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

ஐரோப்பியர் எழுதி வைத்த சான்றுகளுள் புகழ்பெற்றது எங்கல்பெர்ட் கெம்ப்பர் என்னும் ஜெர்மானிய மருத்துவருடையது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த இவர், 1690ஆம் ஆண்டில் பத்தேவியாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் வழியில் சயாம் தேசத்தில் தங்கினார். அங்குள்ள பேராற்றின் கரை மரங்களில் மின்மினிகள் நெருப்பு மேகம் போல் மொய்த்திருந்ததையும், அவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒளியை மறைத்து, ஒரே நேரத்தில் மீண்டும் காட்டியதையும் அவர் குறித்து வைத்தார். மருத்துவர் அல்லவா? அவருக்குத் தோன்றிய உவமை இதயம். இதயம் சுருங்கி விரிவது போல அவ்வொளி இடைவிடாது சுருங்கி விரிகிறது என்று எழுதினார். 1716இல் அவர் காலமான பின், ஜப்பானைப் பற்றிய அவருடைய பெருநூல் 1727இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இச்செய்தியும் அதில் இடம்பெற்றது. அந்த உவமையை வாசகர்கள் மறவாமல் வைத்திருக்க வேண்டுகிறோம். அதற்குப் பின்னர் வேலை இருக்கிறது.

அதன் பிறகு கீழ்த்திசை சென்று திரும்பிய பயணிகள் பலர் இதையே கூறினர். கூறியும் என்ன பயன்? மேலைநாட்டு அறிஞருள் பலர் அதை நம்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' வார இதழில் இதைப் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. 1917இல் பிலிப் லாரன்ட் என்பவர் அவ்விதழுக்கு எழுதிய குறிப்பு வேடிக்கையானது. மின்மினிகள் சேர்ந்து மின்னுவதைத் தாமும் ஒரு காலத்தில் கண்டதாக எண்ணியதாகவும், உண்மையில் தம் கண்ணிமைகள் துடித்தமையே அத்தோற்றத்துக்குக் காரணம் என்றும், பூச்சிகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றும் அவர் முடிவு கட்டினார்! சயாமியரும் மலாய்க்காரரும் தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் கண்டுவந்த காட்சி, ஒருவருடைய இமைத் துடிப்பினால் இல்லை என்றாகிவிட்டது. வேறு சிலர் காற்று வீசுவதால் என்றனர், தற்செயல் என்றனர், தலைமைப் பூச்சி ஒன்று முதலில் மின்ன மற்றவை அதைப் பின்பற்றுகின்றன என்றனர். இந்தத் 'தலைமைப் பூச்சி'க் கொள்கையே பலருக்குப் பிடித்திருந்தது. மனிதன் தன் சமுதாயத்தில் மன்னனையும் மந்திரியையும் பார்த்துப் பழகியவன்; பூச்சியிடமும் அதையே தேடினான்.

இவ்விவாதத்தில் கண்ணால் கண்டதை உறுதியோடு நிறுவியவர் ஹியூ மக்கார்மிக் ஸ்மித். இவர் பூச்சியியல் அறிஞர் அல்லர், மீன்வள அறிஞர். அமெரிக்க அரசாங்கத்தின் மீன்வளத் துறைத் தலைவராக இருந்தவர். 1923இல் சயாம் அரசாங்கத்துக்கு ஆலோசகராகச் சென்று, பாங்காக்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆற்றில் இரவு பகலாகப் படகில் திரிவது அவருடைய தொழில். 1935இல் அவர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, பொறுமையிழந்த மனிதர் எழுதியது போல் இருக்கிறது. 35 முதல் 40 அடி உயரமான மரம், இலைக்கொன்றாய் மின்மினி, இரண்டு விநாடியில் ஏறத்தாழ மூன்று முறை எல்லாம் சேர்ந்து மின்னல், இடையில் முழு இருள். ஒரு மைலில் பத்திலொரு பங்கு தூரத்துக்கு அத்தகைய மரங்கள் வரிசையாய் நின்றாலும், இக்கோடியிலுள்ள பூச்சியும் அக்கோடியிலுள்ள பூச்சியும் தாளம் தப்புவதில்லை. இதை ஒரு நாள் இரண்டு நாள் அன்று, மாதக்கணக்காக இரவுதோறும் காணலாம் என்று அவர் எடுத்துரைத்தார். இமை துடித்த கதை அத்தோடு ஓய்ந்தது.

காட்சி மெய்யென்று ஆயிற்று. காரணம் மட்டும் விளங்கவில்லை.

காரணத்தைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜான் பக் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர். மின்மினிகள் ஒருங்கே மின்னுதலைப் பற்றி 1938இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதே தலைப்பில், அதே இதழில், 'இரண்டாம் பகுதி' என்ற குறிப்போடு மற்றொரு கட்டுரை 1988இல் வெளியிட்டார். முதற் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்! தொடர்கதை எழுதும் நம் எழுத்தாளர் எவரும் வாசகரை இவ்வளவு காலம் காக்க வைத்ததில்லை.

1965ஆம் ஆண்டில் பக், தம் மனைவி எலிசபெத்தோடு தாய்லாந்து சென்றார். ஆற்றங்கரையில் பிடித்த மின்மினிகளைப் பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குக் கொண்டுவந்து, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிட்டனர். பூச்சிகள் பறந்தும் ஊர்ந்தும் சுவரிலும் கூரையிலும் விலகி விலகி அமர்ந்தன. முதலில் ஒவ்வொன்றும் தன் விருப்பம் போல் மின்னிற்று. சற்று நேரத்தில் அருகருகே இருந்த இரண்டு ஒன்று சேர்ந்து மின்னத் தொடங்கின. பிறகு மூன்று. பின்னர் அக்கூட்டம் வளர்ந்து ஏறக்குறைய ஒரு டசன் பூச்சிகள் ஒரே தாளத்துக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைவன் ஒருவன் இருந்தால் ஒழுங்கு அவனிடமிருந்து வெளியே பரவியிருக்கும். இங்கோ அறையின் பல மூலைகளில் தனித்தனியே சிறு ஒழுங்குகள் பிறந்து, அவை ஒன்றோடொன்று கலந்தன. மேலும், பக் தம்பதியர் கால அளவையும் கணக்கிட்டனர். மின்மினியின் கண்ணில் ஒளி பட்டு, அச்செய்தி மூளைக்குச் சென்று, வயிற்றிலுள்ள விளக்கு எரிவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். தலைவனைப் பார்த்துத் தொண்டன் மின்னுவதாயின், தொண்டன் எப்பொழுதும் சற்றுப் பிந்தியே மின்ன வேண்டும். ஆனால் கருவிகள் காட்டிய பிந்துதல் அதனினும் மிகக் குறைவு. ஆகவே, இப்போது காணும் ஒளிக்கு இப்போதே விடை கூறுவதில்லை அம்மின்மினி. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அயலானின் ஒளியைக் கண்டதும் அக்கடிகாரம் சிறிது முன்னோ பின்னோ திருத்திக் கொள்ளப்படுகிறது. அத்திருத்தத்தின் பயன் அடுத்த சுற்றில் வெளிப்படுகிறது. 1968இல் வெளியான இவ்விளக்கமே பின்வந்த ஆராய்ச்சி அனைத்துக்கும் அடிப்படை. நியூகினியில் வேறொரு மின்மினி இனத்தின் முன் செயற்கை விளக்கை மினுக்கிச் செய்து 1971இல் வெளியிடப்பட்ட சோதனைகளும், பூச்சி தன் தாளத்தை விளக்கின் தாளத்துக்கு, ஓர் எல்லைக்குள், மாற்றிக்கொள்வதைக் காட்டின.

கடிகாரம் என்றதும் கூறவேண்டிய பழங்கதை ஒன்று. 1665ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆலந்து நாட்டறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். ஊசற்கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. கப்பலில் பயன்படுத்துவதற்காகச் செய்த இரண்டு கடிகாரங்கள் ஒரே சட்டத்தில் தொங்கிக் கொண்டிருந்தன. வேலையின்றிப் பார்த்துக் கொண்டிருந்தவருக்கு வியப்பு. ஓர் ஊசல் இடப்புறம் செல்லும்போது மற்றது தவறாமல் வலப்புறம் சென்றது. வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் மீண்டும் அந்நிலைக்கே வந்தன. காற்றினால் இருக்கலாம் என்று முதலில் ஐயுற்ற அவர், கண்ணுக்குப் புலனாகாதபடி சட்டம் அசைவதே காரணம் என்று பின்னர் கண்டார். இரண்டு கடிகாரங்களும் சட்டத்தின் வழியே ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருந்தன என்று சொல்லலாம். ஆனால் இரண்டு கடிகாரத்துக்குச் சொன்னது இரண்டாயிரத்துக்குப் பொருந்துமா? அதற்கான கணிதம் அன்று இல்லை. ஹைகன்ஸின் ஊசல்கள் முந்நூறு ஆண்டுகள் காத்திருந்தன.

1967இல் ஆர்தர் வின்பிரீ என்னும் அமெரிக்க இளைஞர் இக்கணக்கில் துணிந்து இறங்கினார். ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்ட வேகத்தில் ஓடும் கடிகாரங்களின் பெருங்கூட்டத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். வேறுபாடு மிகுதியாக இருந்தால் அவை எவ்வளவு நேரமாயினும் குழப்பமாகவே ஓடுகின்றன. வேறுபாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்தால், குழப்பமும் சிறிது சிறிதாகக் குறையும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி நடக்கவில்லை. ஓர் எல்லை வரையில் மாற்றமே இல்லை. எல்லையைத் தாண்டியதும் ஒரு பகுதி சட்டென்று ஒன்று சேர்ந்துகொண்டது. தண்ணீர் குளிர்ந்து குளிர்ந்து ஒரு நிலையில் பனிக்கட்டியாய் உறைவது போன்றது இது. 1975இல் ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகி குராமோட்டோ இக்கணக்கை எளிமைப்படுத்திச் சரியான தீர்வு கண்டார். உயிரியலும் பௌதிகமும் எதிர்பாராத இடத்தில் கைகோத்தன.

அதே 1975இல், நியூயார்க்கில் சார்ல்ஸ் பெஸ்கின் என்னும் கணித அறிஞர் மனித இதயத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். இதயத்தின் மேற்பகுதியில் ஏறத்தாழ 10,000 உயிரணுக்கள் சேர்ந்த சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. இதயத் துடிப்புக்குத் தாளம் தருவது அதுவே. அப்பத்தாயிரத்துக்கும் தலைவன் இல்லை. அவை எங்ஙனம் ஒன்றுபட்டுத் துடிக்கின்றன? கெம்ப்பர் மின்மினிக்கு இதயத்தை உவமை சொல்லி 285 ஆண்டுகள் கழிந்தபின், இரண்டும் ஒரே கணக்கு என்று தெரிய வந்தது.

பெஸ்கின் கூறியதை நம் வீட்டுப் பொருள் கொண்டு விளக்கலாம். அடியில் சிறு ஓட்டையுள்ள பானை ஒன்றைக் குழாயடியில் வைப்பதாக எண்ணுக. தண்ணீர் முதலில் விரைவாக ஏறும்; மட்டம் உயர உயர ஓட்டையின் வழியே ஒழுகுவதும் மிகுவதால் ஏற்றம் மந்தமாகும். விளிம்பைத் தொட்டவுடன் பானை முழுவதும் கவிழ்ந்து வெறுமையாகி, மீண்டும் நிறையத் தொடங்கும். கவிழும் கணமே மின்மினி மின்னும் கணம். உயிரணு துடிக்கும் கணம். இனி, ஒரு பானை கவிழும்போது மற்றப் பானைகள் ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் தெறித்து விழுவதாகக் கொள்க. ஏறக்குறைய நிறைந்திருந்த பானை அக்குவளைத் தண்ணீராலேயே விளிம்பைத் தொட்டுத் தானும் உடன் கவிழும். கவிழ்ந்த இரண்டும் ஒருங்கே வெறுமையாகி ஒருங்கே நிறைகின்றன. அதன்பின் அவை பிரிவதே இல்லை. இங்ஙனம் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முடிவில் எல்லாப் பானைகளும் ஒரே கணத்தில் கவிழும். ஓட்டையின் பங்கு இதில் சிறிதன்று. ஏற்றம் மேலே செல்லச் செல்ல மந்தமாவதால், நிறையும் நிலையிலுள்ள பானைக்கு ஒரு குவளைத் தண்ணீர் நெடுநேரத்தை மிச்சப்படுத்துகிறது. வெறும் பானைக்கோ அது சிறு நேரத்தையே மிச்சப்படுத்துகிறது. அவ்வேறுபாடே கூட்டத்தை ஒன்றுசேர்க்கும் ஆற்றல்.

இரண்டு பானைகளுக்கு இதை நிறுவிய பெஸ்கின், எத்தனை பானைகளுக்கும் இது பொருந்தும் என்று ஊகித்தார். 1990இல் ரெனாட்டோ மிரோலோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இருவர் அவ்வூகத்தை மெய்ப்பித்தனர். எல்லாம் ஒரே தன்மையுடையனவாய், ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றையும் தொடுமாயின், எத்தனை இருப்பினும், எந்தக் குழப்பத்தில் தொடங்கினும், ஏறக்குறைய எப்பொழுதும் அவை ஒன்றுபடும் என்பது அவர்களுடைய தேற்றம். இதைத்தான் இன்று 'தன்னொழுங்கு' என்கிறோம்.

இரசாயனத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதன் வரலாறு துயரமானது. 1951இல் போரிஸ் பெலவுசோவ் என்னும் சோவியத் அறிஞர் தம் குடுவையிலிருந்த கலவை மஞ்சளாவதும் நிறமிழப்பதும் மீண்டும் மஞ்சளாவதுமாக மாறி மாறித் துடிப்பதைக் கண்டார். அப்படி நடக்கவே முடியாது என்று இதழாசிரியர் கட்டுரையைத் திருப்பிவிட்டார். 1959இல் ஒரு சிறு சுருக்கம் மட்டும் எங்கோ அச்சாயிற்று. 1960களில் அனடோல் ஜபோட்டின்ஸ்கி என்னும் மாணவர் அதை மீண்டும் எடுத்து ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1980இல் பெலவுசோவுக்கும் சேர்த்து லெனின் பரிசு வழங்கப்பட்டது. அவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கண்ணால் கண்டவனை ஏட்டைக் கொண்டு மறுப்பது எல்லாத் துறைக்கும் பொதுவான நோய் போலும்.

மின்மினித் துறையே அந்நோயிலிருந்து முற்றும் விடுபடவில்லை. அமெரிக்காவில் ஒருங்கே மின்னும் மின்மினிகள் இல்லை என்பது அறிஞர்தம் முடிவாக இருந்தது. டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் சிறுவயது முதல் அக்காட்சியைக் கண்டுவந்த லின் பவுஸ்ட் என்னும் பெண்மணி, அங்ஙனம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எங்கள் மலையில் இருக்கின்றனவே என்று அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். ஜொனத்தன் கோப்லண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் நேரில் சென்று பார்த்தார். அம்மையார் கூறியது மெய். 1995இல் கோப்லண்டும் ஆண்ட்ரு மொய்செப் என்பவரும் சேர்ந்து அதை முறைப்படி வெளியிட்டனர்.

எதற்காக மின்மினிகள் சேர்ந்து மின்ன வேண்டும் என்ற கேள்விக்கும் அவ்விருவரே 2010இல் ஒரு விடை தந்தனர். மின்னிக் கூட்டமாய் அழைப்பவை ஆண்கள். பெண் தன் இனத்து ஒளியை அடையாளம் கண்டு விடையளிக்கும். செயற்கை விளக்குகளை ஆண் மின்மினிகள் போல் மினுக்கிக் காட்டியபோது, எல்லாம் சேர்ந்து மின்னினால் நூற்றுக்கு 80க்கு மேல் பெண்கள் விடையளித்தன. தாறுமாறாய் மின்னினால் 10கூட அரிதாயிற்று. சந்தை இரைச்சலில் ஒருவர் குரலும் கேட்பதில்லை. எல்லாரும் ஒரே சொல்லைச் சேர்ந்து கூவினால் கேட்கிறது. இது அமெரிக்க மலை மின்மினியின் செய்தி. ஒரே மரத்தில் இரவெல்லாம் அமர்ந்திருக்கும் நம் ஆற்றங்கரை மின்மினிக்கும் இதுவே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது முறையன்று.

பானைக் கணக்கும் எல்லா மின்மினிக்கும் அப்படியே பொருந்தவில்லை. அண்மையில் அதே மலையில், ஓரிட் பெலெக் என்பவரின் குழுவினர் மின்மினிகளைக் கூடாரத்துக்குள் விட்டுப் பார்த்தனர். தனியே விடப்பட்ட பூச்சி ஒழுங்கான கால இடைவெளி எதையும் காட்டவில்லை. ஏறக்குறைய பதினைந்து பூச்சிகள் சேர்ந்தபோது, சுமார் 12 விநாடிக்கு ஒருமுறை அவை சீராக மின்னத் தொடங்கின. கூட்டத்தின் தாளம் தனிப் பூச்சியிடம் இல்லாத ஒன்று! பக் கண்ட ஆசிய மின்மினியினுள் கடிகாரம் இருக்கிறது. இதனுள்ளோ அத்தகைய கடிகாரம் காணப்படவில்லை.

ஒருங்கு சேர்தல் எப்பொழுதும் நன்மையே பயக்கும் என்றும் எண்ணவேண்டா. 2000 ஜூன் 10ஆம் நாள் இலண்டனில் தேம்ஸ் நதியின் குறுக்கே புதிய நடைபாலம் ஒன்று திறக்கப்பட்டது. மக்கள் திரளாக நடக்கவே பாலம் பக்கவாட்டில் ஆடிற்று. ஆட்டத்துக்கேற்ப மக்கள் காலெடுத்து வைக்க, ஆட்டம் மிகுந்தது. இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டு, 2002இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மக்கள் ஒரே அடியாய் நடந்ததே ஆட்டத்தின் தொடக்கக் காரணமா, விளைவா என்பதில் அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். மின்சார நிலையங்களும் ஒருவகை மின்மினிகளே. ஒரே வலைப்பின்னலில் இணைந்த மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே தாளத்தில் சுழன்றாக வேண்டும். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரங்கானுவின் பாக்கா மின்னிலையப் பகுதியில் தொடங்கிய கோளாறு தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மீண்டும் கம்போங் குவாந்தானுக்கு வருவோம். அங்குள்ள மின்மினியின் முழு வாழ்வும் பெரெம்பாங் மரத்தில் கழிவதில்லை. மரம் அது கூடும் மன்றம் மட்டுமே. அதன் புழு, ஆற்றங்கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகையால் மரத்தை வெட்டாமல் விட்டுவிட்டு, மரத்தின் பின்னாலுள்ள நிலத்தைத் திருத்தி எண்ணெய்ப்பனை நட்டாலும் மின்மினி குறையும். கரையில் மின்விளக்கு ஏற்றினாலும், ஒன்றன் ஒளி மற்றதற்குத் தெரியாமற் போகும். 2010இல் சிலாங்கூரில் கூடிய அனைத்துலக மின்மினி ஆய்வாளர் மாநாட்டிலிருந்து, இப்பூச்சிகளின் வாழிடங்களைக் காக்குமாறு 'சிலாங்கூர் பிரகடனம்' ஒன்று பிறந்தது. 2014இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தினர் அவ்வாற்றின் மின்மினிகளை ஆண்டுக்கணக்காகக் கண்காணித்து வந்துள்ளனர். பானைக் கணக்கின்படி பார்த்தால், பூச்சிகள் குறையக் குறைய ஒளி சிறிது சிறிதாக மங்குவதோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. ஒன்றையொன்று காணமுடியாத அளவுக்கு அவை அருகிவிட்டால், எஞ்சியவை தனித்தனியே மினுக்கும்.